மேஜிக் 143: ஹான்ஷின் டைகர்ஸும் ஆத்துக்குள்ள போன தாத்தாவும்

மார்ச் மாசம், சீசன் ஆரம்பிக்க இன்னும் நாள் இருக்கு, ஒரு மேட்ச் கூட ஆடல, ஆனா அமகசாகி கடைத்தெருவுல மேல பெரிய போர்டு ஒண்ணு தொங்குது, "மேஜிக் 143"ன்னு. எனக்கு முதல்ல ஏதோ தள்ளுபடி விளம்பரம்னுதான் தோணுச்சு. அப்புறம் ஆபீஸ்ல ஒருத்தர் விளக்கம் சொன்னாரு. பேஸ்பால்ல ஒரு டீம் சாம்பியன் ஆக இன்னும் எத்தனை ஜெயிச்சா போதும்ங்குற கணக்குக்குப் பேரு மேஜிக் நம்பர், ஆகஸ்ட் செப்டம்பர் வாக்குல மத்த டீமெல்லாம் பின்தங்கினப்புறம்தான் பேப்பர்ல அதைப் போட ஆரம்பிப்பாங்க. இவங்களுக்கு அது வரைக்கும் பொறுமை இல்ல. சீசன்ல மொத்தம் 143 மேட்ச், 143ம் ஜெயிச்சா சாம்பியன்தானே, அப்ப மேஜிக் 143. கணக்குல ஒரு தப்பும் கிடையாது. ஜப்பான்லயே முதல்ல மேஜிக் நம்பர் போடுற ஊரு எங்க ஊருதான்னு பெருமை வேற.

2014ல இருந்து 2018 கடைசி வரைக்கும் நான் அங்க இருந்தேன். அமகசாகி ஒசாகாவுக்கும் கோபேக்கும் நடுவுல இருக்குற பழைய தொழிற்சாலை ஊரு. அங்க ஹான்ஷின் டைகர்ஸ் ரசிகரா இல்லாம இருக்குறது கஷ்டம், மழையில நனையாம நடக்குற மாதிரி. டீமோட கலரு மஞ்சளும் கறுப்பும். மஞ்சளைப் பாத்ததும் எனக்கு ஒரு பாசம் வந்துடுச்சு, ஏன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஆனா நம்ம மஞ்சள் மாதிரி கப்பு மேல கப்பு அடிக்கிற டீம் இல்ல இது. 1935 டிசம்பர் 10ல ஆரம்பிச்ச டீம், ஜப்பானோட ரெண்டாவது பழைய புரொஃபஷனல் டீம், அவ்வளவு வருஷத்துல ஜப்பான் சீரீஸ், அதாவது ரெண்டு லீக்ல இருந்தும் ஒவ்வொரு டீம் வந்து மோதுற ஃபைனல், அதை ஜெயிச்சது மொத்தம் ரெண்டே ரெண்டு தடவை. 1985ல ஒண்ணு, 2023ல ஒண்ணு. நடுவுல 38 வருஷம்.

அந்த 38 வருஷத்துக்கு எல்லாரும் சொல்ற காரணம் ஒண்ணு இருக்கு, கர்னல் சாபம். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. 1985 அக்டோபர் 16, டைகர்ஸ் 21 வருஷத்துக்கப்புறம் தன்னோட லீக்கான சென்ட்ரல் லீக்கை ஜெயிச்ச ராத்திரி, ஒசாகா டோடோன்போரில எபிசு பாலத்து மேல கூட்டம். ஒவ்வொரு பிளேயர் பேரா கத்துவாங்க, அந்தப் பிளேயர் சாயல்ல கூட்டத்துல யாராவது இருந்தா அவரு கால்வாய்ல குதிக்கணும். அது சாக்கடை மாதிரி இருக்குற தண்ணி, அதுலயும் குதிச்சாங்க. ராண்டி பாஸ் பேரு வந்துச்சு. அமெரிக்கக்காரரு, வெள்ளைக்காரரு, தாடி வச்சவரு. கூட்டத்துல அந்த சாயல்ல யாரும் இல்ல. பக்கத்துல கேஎஃப்சி கடை, வாசல்ல கர்னல் சாண்டர்ஸ் சிலை. வெள்ளைக்காரரு, தாடி. தூக்குடான்னு தூக்கி, மேல போட்டு புடிச்சு, அப்படியே தண்ணிக்குள்ள. பிள்ளையார் சதுர்த்திக்கு மூணாம் நாள் கரைக்கிற மாதிரிதான், மந்திரம் மட்டும் இல்ல.

அதுக்கப்புறம் டீம் சரிஞ்ச சரிவு இருக்கே. 1987ல கடைசி இடம். அங்கருந்து 2001 வரைக்கும் 15 வருஷத்துல 10 தடவை கடைசி. ஆறு டீம் இருக்குற லீக்ல அதிர்ஷ்டம் இல்லைன்னா கூட இவ்வளவு தடவை கடைசி வர்றது சுலபம் இல்ல. தாத்தா தண்ணிக்குள்ள இருக்காரு, சாபம் விட்டுட்டாருன்னு கதை பரவுச்சு.

நானும் அந்தக் கதையை ரொம்ப நாள் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சிருக்கேன். ஆனா அங்க நாலஞ்சு வருஷம் இருந்தப்புறம் எனக்கு அதுல ஒரு நெருடல். சாபம்னு சொல்றதுல ஒரு பெரிய வசதி இருக்குங்க, யாரையும் கேள்வி கேக்க வேண்டாம்.

என் வீட்டுக்குக் கீழ ஒரு ஓகோனோமியாகி கடை, முட்டைக்கோஸை வெட்டிப் போட்டு கல்லுல வார்க்குற தடிச்ச ஊத்தப்பம்னு வச்சுக்கோங்க. நடத்துனது எழுபது தாண்டின ஒரு அம்மா. கல்லுக்குப் பின்னாடி சுவத்துல எண்ணெய்ப் பிசுக்கு புடிச்ச ஒரு போட்டோ, 44ம் நம்பர் போட்ட ராண்டி பாஸ். ஒரு நாள் நான் கர்னல் ஜோக் சொன்னேன். அந்தம்மா கரண்டியை கல்லு ஓரத்துல டொக்குனு தட்டிட்டு, "கர்னல் என்ன பண்ணாரு பாவம், பாஸைத் துரத்துனது யாரு?"ன்னாங்க. அவ்வளவுதான். வேற பேச்சுக்குப் போயிட்டாங்க. நான்தான் வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சேன்.

பாஸ் 1985ல பண்ணது .350 சராசரி, 54 ஹோம் ரன், 134 ரன் உள்ள கொண்டு வந்தது, மூணுலயும் லீக்ல முதல், ட்ரிபிள் கிரௌன். 1986லயும் மறுபடி ட்ரிபிள் கிரௌன், அந்த வருஷம் அடிச்ச .389 இன்னிக்கு வரைக்கும் ஜப்பான்ல யாரும் தொடாத சீசன் சராசரி. கோஷியன் கிரவுண்டுல கடல் காத்து வலது பக்கத்துல இருந்து இடது பக்கமா வீசும், இடது கை பேட்டருக்கு அது எதிரி, நல்லா அடிச்ச பந்து கூட காத்துல நின்னு கையில விழும். பாஸ் இடது கை. மனுஷன் என்ன பண்ணாருன்னா காத்தோட சண்டை போடாம பந்தை எதிர்ப் பக்கம், காத்து போற பக்கமே தூக்கி விடக் கத்துக்கிட்டாரு. 1985 கடைசில 54ல நிக்கிறாரு, அப்ப ரெக்கார்டு 55, அது ஓ சடஹாருங்குறவரோடது, கடைசி மேட்ச் யார் கூடன்னா அதே சடஹாரு மேனேஜரா, அதாவது தலைமைக் கோச்சா, இருக்குற டோக்கியோ ஜயன்ட்ஸ் கூட. அடிக்கிற மாதிரி பந்தே போடல, நாலு தடவை வாக் குடுத்து, அதாவது எட்டாத பந்தாப் போட்டு சும்மாவே ஃபர்ஸ்ட் பேஸுக்கு, அனுப்பிட்டாங்க. இதை நெனச்சா இப்பவும் கடுப்பாகும், நான் அப்ப பொறக்கவே இல்ல.

அந்த வருஷம் ஏப்ரல் 17ல நடந்ததை ஒசாகாக்காரங்க எப்பவும் சொல்லுவாங்க. ஜயன்ட்ஸ் பிட்ச்சர் மகிஹாரா போட, பாஸ், ககேஃபு, ஒகாடா மூணு பேரும் வரிசையா சென்டர் பக்கம் ஸ்கோர்போர்டு கீழ இருக்குற பேக்ஸ்க்ரீன் பக்கமே ஹோம் ரன். டப், டப், டப். இந்த ஒகாடாங்குற பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவாரு. அதே வருஷம் ஆகஸ்ட் 12 ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமான விபத்துல டீமோட பிரசிடென்ட் நகானோ இறந்து போனாரு. அந்தத் துக்கத்தோடதான் அக்டோபர்ல லீக் ஜெயிச்சாங்க, நவம்பர் 2ல சேய்பு லயன்ஸை 4-2ன்னு அடிச்சு முதல் தடவையா ஜப்பான் சாம்பியன். சீரீஸ்ல முதல் மூணு மேட்ச்லயும் பாஸ் ஹோம் ரன்.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? 1986 ஏப்ரல்ல ககேஃபு மணிக்கட்டுல பந்து பட்டு எலும்பு முறிஞ்சுது, பழைய ககேஃபு திரும்ப வரவே இல்ல, 33 வயசுல 1988ல ஓய்வு. அதே 1988ல பாஸோட பையனுக்கு மூளைல கட்டி. அப்பா பையனைப் பாக்க அமெரிக்கா போனாரு. குடும்பத்தோட வைத்தியச் செலவை டீம் ஏத்துக்கணும்னு ஒப்பந்தத்துல இருந்துச்சு, அதுலயும் எப்ப திரும்பணும்ங்குறதுலயும் தகராறு முத்தி, ஜூன்ல டீம் அவரை வெளிய அனுப்பிடுச்சு. ரெண்டு ட்ரிபிள் கிரௌன் அடிச்சவரை. ஜூலைல, நடுவுல மாட்டிக்கிட்ட டீம் நிர்வாகி ஃபுருயா உயிரை விட்டுட்டாரு. ஒரு சிலை கால்வாய்ல விழுந்தது நடந்த கதை. ஆனா டீம் உடைஞ்சது இங்கதான்னு எனக்குப் படுது. இதை யாரும் பார்ட்டில சொல்லிச் சிரிக்க முடியாதுல்ல, அதான் கர்னல்.

இன்னும் பின்னாடி போனா இது அந்த வீட்டுப் பழக்கம்னே தெரியும். நட்சத்திரத்தை வளர்க்குறது, அப்புறம் சண்டை போட்டு அனுப்புறது. எனாட்சு யுடகான்னு ஒரு பிட்ச்சர், 1968ல ஒரே சீசன்ல 401 ஸ்ட்ரைக்அவுட், அதாவது பேட்டரை அடிக்கவே விடாம அவுட் ஆக்குனது, இன்னிக்கும் ஜப்பான் ரெக்கார்டு. 1971 ஆல்ஸ்டார் மேட்ச்ல தொடர்ந்து ஒம்பது பேட்டரை ஸ்ட்ரைக்அவுட். 1973 ஆகஸ்ட் 30ல, ஒம்பது இன்னிங்ஸ்ல முடிய வேண்டிய மேட்ச் சமன்ல நீண்டு, 11 இன்னிங்ஸ் ஒரு ஹிட்டு கூட குடுக்காம போட்டுட்டு, ரன் எடுக்க ஆள் இல்லாம, தானே பேட்டைத் தூக்கி ஹோம் ரன் அடிச்சு மேட்சை முடிச்சாரு. நம்ம ஊர்ல இப்படி ஒரு சீன் வச்சா லாஜிக் இல்லம்பாங்க. அந்த 1973 சீசன்ல கடைசி ரெண்டு மேட்ச்ல ஒண்ணு ஜெயிச்சா போதும், லீக் கையில. முதல்ல சுனிச்சி டீம் கூட எனாட்சு போட்டுத் தோத்தாங்க, அடுத்தது கோஷியன்லயே ஜயன்ட்ஸ் கூட 9-0. ஜனம் கிரவுண்டுக்குள்ள எறங்கி ரகளை. சாம்பியன் ஆனா சம்பளம் ஏத்தணும், அதனால ஜெயிக்காதன்னு மேலிடத்துல இருந்து சொன்னாங்கன்னு எனாட்சு பிற்காலத்துல சொன்னாரு. அவரு சொன்னதுதான், அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல. 1976ல அவரை நான்காய்ங்குற டீமுக்கு ட்ரேட் பண்ணாங்க. 1978ல கேட்ச்சர் தபுச்சி, டீமோட பெரிய ஹோம் ரன் ஆளு, அவரை நடு ராத்திரி கூப்பிட்டு நீ இனிமே சேய்புன்னாங்க. எனாட்சு ஹிரோஷிமா போய் சாம்பியன், தபுச்சி சேய்புல சாம்பியன். கர்னல் அப்பல்லாம் கடை வாசல்ல பத்திரமா நின்னுக்கிட்டு இருந்தாரு.

கிரவுண்டைப் பத்திச் சொல்லலைன்னா பாவம் சேரும். கோஷியன் 1924 ஆகஸ்ட் 1ல திறந்தது, ஹான்ஷின் ரயில் கம்பெனி ஆத்துப் படுகையை வாங்கிக் கட்டுனது, ரயில்ல ஆள் ஏறணும்ல. அந்த வருஷம் அறுபது வருஷச் சக்கரத்துல முதல் வருஷம், நம்ம பிரபவ மாதிரி, அந்த வருஷப் பேரையே கிரவுண்டுக்கு வச்சாங்க. உள்பக்கம் முழுக்க கறுப்பு மண்ணு, புல்லே கிடையாது. ஆகஸ்ட்ல ஹைஸ்கூல் பசங்க டோர்னமென்ட், தோத்த பசங்க அழுதுக்கிட்டே அந்த மண்ணை பைல அள்ளிட்டுப் போவாங்க, டைகர்ஸ் தன் வீட்டையே விட்டுட்டு வெளியூர் வெளியூரா அலையணும். அதுக்கு "சாவு யாத்திரை"ன்னே பேரு. டீம் ஆகஸ்ட்ல சறுக்குனா அதுக்கு இது ஒரு சாக்கு. சாக்குக்குப் பஞ்சமே இல்லாத டீம்ங்க இது.

நான் முதல்ல போனப்ப ரைட் ஃபீல்டு சீட்டு, தீவிர ரசிகருங்க உக்கார்ற எடம், உக்கார்றதுன்னு சும்மா சொல்றேன், யாரும் உக்காரல. ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு, ட்ரம்பெட், பிளாஸ்டிக் மெகாஃபோனை ரெண்டா வச்சு டக்கு டக்குனு தட்டல். முதுகுல பீர் டேங்க் கட்டிக்கிட்டு பொண்ணுங்க படியில ஏறி எறங்கி வித்துக்கிட்டு இருக்காங்க. ஏழாவது இன்னிங்ஸ் வருது, எல்லாரும் நீளமான பலூனை வாயால ஊத ஆரம்பிக்கிறாங்க, பக்கத்துல இருந்த தாத்தா எனக்கும் ஒண்ணு குடுத்தாரு, நான் தம் கட்டி ஊதி, முடிச்சுப் போடாம விரல்ல புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பாட்டு முடியுது, நாப்பதாயிரம் பலூன் ஒரே நேரத்துல உய்ய்ய்னு மேல. என்னோடது பின்னாடி வரிசைல ஒருத்தர் மூஞ்சில போய் அடிச்சுது. தலை குனிஞ்சு மன்னிப்பு கேட்டேன், அவரு என் எச்சியைத் தொடச்சுக்கிட்டு அடுத்த பிட்ச்சரைத் திட்டப் போயிட்டாரு.

2003க்கு வரேன். ஹோஷினோ செனிச்சின்னு ஒரு கோவக்கார மேனேஜர், ஹிரோஷிமால இருந்து கனேமோட்டோ, ஆளுங்களை மாத்தி, கலைச்சுப் போட்டு 18 வருஷத்துக்கப்புறம் லீக் ஜெயிச்சாங்க. சாபம் எங்க போச்சு? தாத்தா இன்னும் தண்ணிக்குள்ளதானே இருக்காரு? நல்ல மேனேஜர், நல்ல பிளேயர், காசு. அவ்வளவுதான் விஷயம். அன்னிக்கு 5000 பேருக்கு மேல கால்வாய்ல குதிச்சாங்க, ஒருத்தர் செத்தும் போனாரு. சீரீஸ்ல மட்டும் டைஏய் ஹாக்ஸ்கிட்ட 4-3ன்னு தோல்வி.

2005ல மறுபடி லீக். மேனேஜர் யாரு? பேக்ஸ்க்ரீன் ஒகாடா. ஜெஃப் வில்லியம்ஸ், ஃபுஜிகாவா, குபோட்டா மூணு பேரை வரிசையா கடைசி மூணு இன்னிங்ஸுக்கு விட்டு எல்லாரையும் சாய்ச்சவரு, ஜே.எஃப்.கே.ன்னு அந்தக் கூட்டணிக்குப் பேரு. ஆனா ஜப்பான் சீரீஸ்ல சிபா லோட்டே கிட்ட நாலுக்கு நாலு தோல்வி, நாலு மேட்ச் மொத்த ஸ்கோர் 33-4. இந்த நம்பர் ஜப்பான் இன்டர்நெட்ல அழியாத கிண்டல் ஆயிடுச்சு, விலை 334 யென்னு ரசீது வந்தாக் கூட சிரிப்பாங்க. ஆபீஸ்ல ஜயன்ட்ஸ் ரசிகர் ஒருத்தர் மணி சரியா 3:34க்கு என்னைக் கூப்பிட்டு கடிகாரத்தைக் காட்டுவாரு.

2009 மார்ச் 10ல டோடோன்போரில நடைபாதை வேலைக்காக கால்வாயைத் துழாவினப்ப கர்னல் கெடச்சாரு. முதல்ல பீப்பாய்னு நெனச்சாங்களாம், அப்புறம் பொணம்னு நெனச்சாங்களாம். மேல் பாதி ஒரு நாள், மறுநாள் கீழ் பாதி. கண்ணாடியும் இடது கையும் மட்டும் கெடைக்கவே இல்ல. பூஜை எல்லாம் பண்ணாங்க. சரி தீந்துச்சுன்னு பாத்தா தீரல, இப்ப கண்ணாடி கெடைக்கணும்னு ஆரம்பிச்சுட்டாங்க.

2014 அக்டோபர் 30. நான் போய் எறங்குன வருஷமே ஜப்பான் சீரீஸ், சாஃப்ட்பேங்க் ஹாக்ஸ் கூட. அஞ்சாவது மேட்ச், தோத்தா முடிஞ்சுது. ஃபுகுவோகால ஒம்பதாவது இன்னிங்ஸ், 0-1, ஒரே ஒரு அவுட், மூணு ஆனாத்தான் முடியும், மூணு பேஸ்லயும் ஆளு. அந்தம்மா கடைல டிவி, கல்லு மேல ஒரு ஓகோனோமியாகி, நாலு பேரு. நிஷியோகா பந்தை ஃபர்ஸ்ட் பேஸ் பக்கமே உருட்டினாரு, அவங்க ஹோமுக்கு எறிஞ்சு ஒரு அவுட், கேட்ச்சர் திரும்ப ஃபர்ஸ்டுக்கு எறிய, அது ஓடிக்கிட்டு இருந்த நிஷியோகா முதுகுல பட்டு உருண்டுச்சு. அந்தக் கேப்புல ரன் உள்ள வந்துடுச்சு! நாங்க குதிச்சுட்டோம். ஆனா அம்பயர் கையத் தூக்குறாரு, நிஷியோகா கோட்டுக்கு உள்பக்கமா ஓடுனாரு, குறுக்க வந்தது, அவுட். மேட்ச் முடிஞ்சுது, சீரீஸ் முடிஞ்சுது, இப்படி ஒரு சீரீஸ் முடியும்னு யாரு கண்டா. கல்லுல இருந்தது கருகுன வாசனை வந்துச்சு. அந்தம்மா திருப்பிப் போடாம டிவியையே பாத்துக்கிட்டு நின்னாங்க. காசு வாங்கல.

நான் கிளம்புன 2018ல டீம் 17 வருஷத்துக்கப்புறம் கடைசி இடம். மார்ச்ல மேஜிக் 143 போர்டு எப்பவும் போல தொங்குச்சு.

அப்புறம் 2023. 65 வயசு ஒகாடா திரும்ப மேனேஜர். சாம்பியன்ங்குற வார்த்தையையே வாய்ல எடுக்க மாட்டாரு, "அது", "அதைப் புடிக்கணும்"னுதான் சொல்லுவாரு, நம்ம வீட்ல பாம்பைப் பேர் சொல்லாம பூச்சின்னு சொல்ற மாதிரி. ஜப்பானீஸ்ல "அரே". அதையே ஏ.ஆர்.இ.ன்னு டீம் முழக்கமா ஆக்கி, அந்த வருஷத்தோட சிறந்த புதுச் சொல்லுன்னு நாடே பரிசு குடுத்துச்சு. செப்டம்பர் 14ல கோஷியன்ல ஜயன்ட்ஸை 4-3ன்னு ஜெயிச்சு லீக். 1985ல இருந்து 2003 பதினெட்டு வருஷம், 2005ல இருந்து 2023 பதினெட்டு வருஷம், ஆர்சிபி ரசிகருங்க இதைப் படிச்சா கண்ணீர் விடுவாங்க.

அன்னிக்கு ஒம்பதாவது இன்னிங்ஸ் பிட்ச்சர் இவாசாகி போட வந்தப்ப அவரோட வழக்கமான பாட்டு ஒலிக்கல, யொகோட்டா ஷிண்டாரோவோட பாட்டு ஒலிச்சுது. யொகோட்டா இவங்க செட்டு அவுட்ஃபீல்டர், 2013 டிராஃப்ட்ல ஒண்ணா வந்தவங்க, மூளைல கட்டி வந்து பந்து ரெட்டையா தெரிய ஆரம்பிச்சு 2019ல 24 வயசுல நிறுத்திட்டாரு. கடைசி நாள் செகண்ட் டீம் மேட்ச்ல சென்டர்ல நிக்க வச்சாங்க, பந்து அவருகிட்டயே வந்துச்சு, புடிச்சு நேரா ஹோமுக்கு எறிஞ்சு ரன்னரை அவுட் ஆக்குனாரு, பந்து சரியாத் தெரியாத கண்ணை வச்சுக்கிட்டு. 2023 ஜூலை 18ல இறந்துட்டாரு, 28 வயசு. லீக் ஜெயிச்சதும் மேனேஜரைத் தூக்கிப் போட்டுப் புடிச்சாங்க, அப்புறம் இவாசாகியைத் தூக்குனாங்க, அவரு கையில யொகோட்டாவோட 24ம் நம்பர் சட்டை. 1988ல ஒரு பையனோட மூளைக் கட்டியை அந்த டீம் எப்படி நடத்துச்சு, 2023ல எப்படி நடத்துச்சுன்னு யோசிச்சுப் பாத்தேன், போன் ஸ்க்ரீன் மங்கலாயிடுச்சு.

இன்னொண்ணு, அந்த 2023 ஜனவரிலதான் ராண்டி பாஸ் ஜப்பான் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல தேர்வானாரு. ஒக்லஹோமால ஊருக்குப் போய் ஸ்டேட் செனட்டரா எல்லாம் இருந்துட்டு, 35 வருஷம் கழிச்சு. நவம்பர் 5ல ஏழாவது மேட்ச்ல ஓரிக்ஸை 7-1ன்னு அடிச்சு 38 வருஷத்துக்கப்புறம் டைகர்ஸ் ஜப்பான் சாம்பியன். சாபம் இருந்தேதான் ஆகணும்னு அடம் புடிக்கிறவங்க இந்தக் கணக்கை எடுத்துக்கோங்க, கண்ணாடியைத் தேடாதீங்க. கர்னல் சிலையை 2024 மார்ச்ல சாக்கேங்குற அரிசி மதுவை ஊத்தி, உப்பு வச்சு, கும்பிட்டு அப்புறப்படுத்திட்டாங்க, ரொம்ப இத்துப் போச்சாம்.

2025ல ஜே.எஃப்.கே.ல இருந்த ஃபுஜிகாவாவே மேனேஜர், முதல் வருஷமே செப்டம்பர் 7ல லீக், சென்ட்ரல் லீக் சரித்திரத்துலயே இவ்வளவு சீக்கிரம் யாரும் ஜெயிச்சதில்ல. ஜப்பான் சீரீஸ்ல பழைய குருடி கதவைத் திறடி. அதே சாஃப்ட்பேங்க், அதே 4-1, அதே அக்டோபர் 30.

மறுநாள் அந்தம்மாவுக்குப் போன் போட்டேன். குரல் கொஞ்சம் கம்மியிருந்துச்சு. இப்ப கர்னலும் இல்லையே, யார் மேல பழி போடுறதுன்னு கேட்டேன்.

"ஹாக்ஸ் நல்லா ஆடுனாங்க"ன்னாங்க. அப்புறம், கல்லு சூடாயிருக்கு வைக்கட்டுமான்னு வச்சுட்டாங்க.